வேலூரில் கிறிஸ்தவ கவுன்சிலிங் மையம்: பலகை மாட்டும் முன் முடிவு செய்ய வேண்டியவை

சபையில் ஒருவருக்கு ‘பொறுமையா கேட்டுக்குவாரு’ என்று பெயர் வந்துவிட்டால் போதும், சாயங்காலத்தில் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். மகன் குடிக்கிறான், மருமகள் பேசுவதில்லை, மகளுக்குத் தூக்கம் வருவதில்லை என்று ஒவ்வொருவராக வருவார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒரு சான்றிதழ்ப் படிப்பு முடிப்பார், ஓர் அறை பார்ப்பார், பலகைக்குச் சொல்லிவிடுவார். அப்போதுதான் கேள்விகள் வருகின்றன. இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? ஆயராக இருப்பதே தகுதியாகாதா? 2021-ல் வந்த புதிய சட்டம் நமக்கும் பொருந்துமா? கட்டணம் வாங்கலாமா, காணிக்கைதான் வாங்க வேண்டுமா?

கிறிஸ்தவ ஆலோசனை தருவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஆலோசனை என்ற பெயரில் வைத்தியம் பார்ப்பது, ஆட்களைத் தங்கவைப்பது, குற்றத்தை மறைப்பது ஆகியவற்றுக்குத் தண்டனை உண்டு. அதனால் ‘இங்கே என்ன செய்ய மாட்டோம்’ என்ற பட்டியலைத்தான் முதலில் எழுத வேண்டும். அறை, கட்டணம், பலகை எல்லாம் அதிலிருந்து வரும்.

நான்கு பெயர்கள், நான்கு வேலைகள்

மேய்ப்பு ஆலோசனை: ஆயரோ பங்குத்தந்தையோ தன் சபை மக்களுக்குத் தன் பொறுப்பின் பகுதியாகச் செய்வது. துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதும், ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலை வாசிப்பதற்கு முன் மணமக்களோடு பேசுவதும் இதில் வரும். இதற்குத் தனி மையம் தேவையில்லை.

கிறிஸ்தவ ஆலோசனை: உளவியல் பயிற்சி பெற்றவர், வருகிறவரின் விசுவாசத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, நேரம் குறித்து, ஒப்புதல் வாங்கி, குறிப்பு எழுதிச் செய்யும் தொழில்முறை வேலை. இந்தக் கட்டுரை இதைப் பற்றியது.

மருத்துவ உளவியல்: சோதனைகள் வைத்து நோயை மதிப்பிட்டு, உளவியல் சிகிச்சை தருவது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம்.

மனநல மருத்துவம்: எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் மனநலத்தில் சிறப்புப் படிப்பு படித்தவரின் வேலை. மனநோய்க்கு மாத்திரை எழுதுவது, குறைப்பது, நிறுத்துவது இவர் பொறுப்பு.

இந்த நான்கும் கலங்கிப் போவது பெரும்பாலும் பலகையில்தான். இறையியல் அமைப்பு ஒன்று கொடுத்த கௌரவ டாக்டர் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டு, கீழே ‘மனநல ஆலோசனை’ என்று எழுதினால், படிக்கிறவர் மனநல மருத்துவர் என்றுதான் நினைப்பார். அப்படி நினைத்து ஒருவர் பாகாயத்தில் உள்ள மனநல மருத்துவமனைக்குப் போவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டால், அந்த ஆறு மாதத்துக்குப் பலகையும் பொறுப்பு. படித்த படிப்பின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் முழுமையாக எழுதுங்கள், கௌரவப் பட்டத்தை விட்டுவிடுங்கள். ‘கவுன்சிலர்’ என்று மட்டும் எழுதினால் வார்டு உறுப்பினர் என்று நினைத்துக் குடிநீர்ப் பிரச்சினையோடு வருகிறவர்களும் இருப்பார்கள். ‘குடும்ப, மன ஆலோசகர்’ என்பது தெளிவு.

சட்டம் சொல்வது

1. இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992. மேலே சொன்ன மருத்துவ உளவியலாளர் பதிவு இதன் கீழ் வருகிறது. பதிவு இல்லாத ஆலோசகர் நோயின் பெயரைச் சான்றாக எழுதித் தரக்கூடாது. பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் ‘மனநிலைச் சான்று’ கேட்டு வருகிறவர்களிடம் முதல் நாளே இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

2. தேசிய துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம், 2021. குழப்பத்தின் மூலம் இதுதான். மருத்துவ உளவியலாளர் அல்லாத உளவியலாளர்கள், மனநல ஆலோசனைப் பணியாளர்கள், மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்கள் முதலானோரை ‘நடத்தை நல அறிவியல்’ என்ற பிரிவில் இது சேர்க்கிறது. மாநிலக் கவுன்சில்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. இந்தச் சட்டத்தின்படி துணைத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். நலவாழ்வுத் தொழிலருக்கு 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும். சனிக்கிழமைக்கு ஆறு மணி நேரம் என்று மூன்று மாதம் நடக்கும் வகுப்பைக் கூட்டிப் பார்த்தால் 72 மணி நேரம்தான் தேறும். அந்தச் சான்றிதழ் வீணில்லை. சபையில் கேட்டு உதவ அது போதும். பலகை மாட்டப் போதாது. எம்.எஸ்சி. உளவியல், எம்.எஸ்.டபிள்யூ. போன்ற படிப்பு முடித்தவர்கள் தங்கள் படிப்பு இச்சட்டத்தின் அட்டவணையில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். பயிற்சிக்குத் தூரம் போகத் தேவையில்லை. கிறிஸ்தவ ஆலோசனையை முறையாகக் கற்றுத்தரும் மையம் வேலூரிலேயே பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

3. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. வந்து பேசிவிட்டுப் போகும் இடத்துக்கு இதன்படி பதிவு தேவையில்லை. மனநோய் உள்ள ஒருவரைப் பராமரிப்புக்காகத் தங்கவைத்தால் அந்த இடம் ‘மனநல நிறுவனம்’ ஆகிவிடும்; மாநில மனநல ஆணையத்தில் பதிவு கட்டாயம். ‘ரெண்டு வாரம் ஜெப வீட்டில் இருக்கட்டும்’ என்று பாயைப் போட்டுக் கொடுத்தாலும் கணக்கு இதுவே. பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை அபராதம் ரூ. 5,000 முதல் ரூ. 50,000 வரை. சங்கிலியால் கட்டுவதை 95-வது பிரிவு முழுமையாகத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எந்த மதத்தின் பெயரால் நடத்தினாலும் கட்டிவைத்த இடத்தில் அதுதான் நடக்கும்.

4. போக்சோ சட்டம், 2012. பதினெட்டு வயது நிரம்பாதவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் நிலையத்திலோ சிறார் காவல் பிரிவிலோ சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத் தலைவராக இருந்தால் ஓராண்டு வரை. ‘கவுன்சிலிங்கில் சொன்னது’ என்பது விலக்காகாது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்கு வராது என்ற பாதுகாப்பும் அதே 19-வது பிரிவில் இருக்கிறது. காவல் துறையிடம் சொல்லாமல், சபைப் பெரியவர்களைக் கூட்டிச் சமாதானம் பேசி முடிப்பவருக்கும் இதே தண்டனைதான்.

5. சாட்சிச் சட்டம். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியே இழுக்க முடியாது. ஆலோசகருக்கு அந்தக் கவசம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 983 பாவசங்கீர்த்தன இரகசியத்தை மீற முடியாதது என்கிறது. அது குருவானவரைக் கட்டும், நீதிமன்றத்தைக் கட்டாது. எனவே நோட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு நாள் நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம் என்று எண்ணியே எழுத வேண்டும். வந்த தேதி, பேசிய பிரச்சினை, ஒத்துக்கொண்ட அடுத்த அடி, ஆபத்து இருந்ததா என்ற நான்கும் போதும். ‘கணவன் நடத்தை கெட்டவன்’ என்று எழுதக்கூடாது. ‘கணவனைப் பற்றி மனைவி இன்னது சொன்னார்’ என்று எழுத வேண்டும்.

எலியாவுக்கு முதலில் கிடைத்தது

வேதாகமத்தில் முதலாம் இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். அவருக்கு முதலில் கிடைத்தது தூக்கம். பிறகு தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், மறுபடியும் தூக்கம். கேள்வியும் பேச்சும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. உடம்பை முதலில் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்களுக்கு அந்த அதிகாரத்தையே திறந்து காட்டலாம்.

உடம்பைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குடியைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. பல வருடம் தினமும் குடித்தவரை வீட்டார் உபவாச ஜெபத்துக்கு அழைத்து வருகிறார்கள். அவரும் மனம் திரும்பி, அன்றே நிறுத்துகிறார். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரலாம், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலர் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லித் தட்டுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், இடம் தெரியாமல் கத்துவார்கள். இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். பக்கத்தில் இருப்பவர்களுக்கோ அது பிசாசின் ஆர்ப்பாட்டமாகத் தெரிகிறது. சத்தம் கூடக் கூட ஜெபத்தின் சத்தமும் கூடுகிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் கழிகிறது. நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை மையத்தில் எடுக்கலாம், நிறுத்தும் அந்த முதல் வாரம் மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டும். ஆலோசனைக்கு வேலை அதற்குப் பிறகு நிறைய இருக்கிறது.

இதே போல் உடனே அனுப்ப வேண்டியவர்கள்: குழந்தை பெற்ற சில நாட்களில், சில வாரங்களில் தூக்கமே இல்லாமல் குழப்பமாகப் பேசும் தாய், யாரோ கட்டளையிடும் குரல் கேட்பதாகச் சொல்பவர், நாட்கணக்கில் தூங்காமல் பணத்தை வாரி இறைப்பவர், வலிப்பு மாத்திரையையோ மனநோய் மாத்திரையையோ ‘விசுவாசத்தால்’ நிறுத்தியவர். சோர்வு, எடை கூடுதல், மந்தம் என்று வருகிறவரிடம் தைராய்டு பரிசோதனை செய்தாரா என்று கேட்டுவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

அனுப்ப இடம் தேடி அலைய வேண்டிய ஊரில் நாம் இல்லை. சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1950-களிலேயே தொடங்கியது. நோயாளியோடு குடும்பமும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறைக்கு நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று அது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ‘பாகாயம் போ’ என்பதை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்; அங்கே போவது வெட்கமில்லை என்று மையத்தில் இருப்பவர் தன் வாயால் சொன்னால் பாதித் தயக்கம் போகும். வெறுமனே ‘போய்ப் பாருங்க’ என்று சொல்லி அனுப்பாமல், ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: எத்தனை நாளாக, என்ன கண்டோம், என்ன மாத்திரை சாப்பிடுகிறார். அந்தத் தாள் இருந்தால் முதல் முறை போகிறவருக்கு வாய் திறப்பது சுலபம்.

சாக வேண்டும் என்று சொன்னால்

1. நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. கேட்காவிட்டால்தான் அவர் தனியாகிறார்.

2. எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா என்று கேளுங்கள். திட்டம் இருந்தால் அன்று அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

3. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலி மருந்து, மாத்திரைகள் அன்றே வேறு வீட்டுக்குப் போக வேண்டும். எடுத்துப் போகும் ஆள் யார் என்று பெயர் குறித்துக்கொள்ளுங்கள்.

4. அவர் ஒப்புக்கொள்ளும் ஒரு உறவினரை அழைத்து, மருத்துவமனைக்குக் கூடவே அனுப்புங்கள். இரவு நேரத்துக்கு அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸ் எண் 14416.

5. மறுநாள் நீங்களே போன் செய்யுங்கள்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கி வழக்கு நடத்துவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவே பெரும்பாலும் தடுத்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவும் இல்லை. ‘போலீஸ் கேஸ் ஆயிடும்’ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கும் குடும்பங்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஜெபக் குறிப்பும் இரகசியமும்

கிறிஸ்தவ மையங்களில் இரகசியம் கெட்ட எண்ணத்தால் உடைவது குறைவு. அன்பால்தான் உடைகிறது. ஒரு தங்கச்சி தன் திருமணப் பிரச்சினையைச் சொல்லி அழுகிறாள். ஆலோசகர் மனம் உருகி, பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்: ‘பெயர் வேண்டாம், ஒரு இளம் சகோதரி, கணவர் ராணுவத்தில், ஒரு ஆண் குழந்தை, ஜெபிக்கவும்.’ அந்தச் சேகரத்தில், அதாவது அந்த ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளில், அந்த அடையாளத்துக்குப் பொருந்துகிறவள் ஒருத்திதான். ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் மாமியாருக்குத் தெரிந்துவிடும். இனி அந்தப் பெண் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

எனவே கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டியவை சில. வந்தவரின் விஷயம் பெயரோடும் பெயரில்லாமலும் ஜெபக் குறிப்பாகப் போகாது. பிரசங்க உதாரணமாக, பத்து வருடம் கழித்தும், வராது. ஆயரே அனுப்பிவைத்தவராக இருந்தாலும் ‘வந்தாரா’ என்ற கேள்விக்குக்கூட வந்தவர் அனுமதியில்லாமல் பதில் கிடையாது. சேகரக் கமிட்டி மையத்துக்குப் பணம் கொடுத்தாலும் எண்ணிக்கையைத்தான் பார்க்கலாம், பெயரைப் பார்க்க முடியாது. உடைக்க வேண்டிய மூன்று சந்தர்ப்பங்களை, அதாவது உயிருக்கு ஆபத்து, குழந்தை மீது குற்றம், நீதிமன்ற உத்தரவு ஆகியவற்றை, முதல் சந்திப்பிலேயே சொல்லி ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். தாள் எளிய தமிழில் ஒரு பக்கம் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஆயரே ஆலோசகராகவும் இருப்பதில் இன்னொரு சிக்கல். திருவிருந்து கொடுப்பதும் சபைத் தேர்தலில் பெயர் ஏற்பதும் பள்ளி வேலைக்குப் பரிந்துரைப்பதும் அவர் கையில் இருக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு உண்மை பேச முடியும்? தன் சேகரத்தாரைப் பக்கத்துச் சேகரத்து ஆலோசகரிடம் அனுப்பி, அவருடையவர்களைத் தான் பார்ப்பது நடைமுறையில் ஒத்துவரும் வழி. காட்பாடிக்காரர் ராணிப்பேட்டைக்குப் போவது பஸ்ஸில் பெரிய தூரமில்லை, யார் கண்ணிலும் படாமல் போகவும் பலர் அதைத்தான் விரும்புவார்கள்.

அடிபடும் மனைவி வந்தால் கணவனையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசக்கூடாது. அறையில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் பதில் கிடைக்கும். தனியாகப் பாருங்கள், பாதுகாப்பாகப் போக இடம் உண்டா என்று கேளுங்கள், பெண்கள் உதவி எண் 181-ஐயும் இலவச சட்ட உதவி எண் 15100-ஐயும் கொடுங்கள். ‘பொறுத்துப் போம்மா, கர்த்தர் பார்த்துக்குவார்’ என்பது ஆலோசனையே இல்லை.

அறை

பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும். கோயில் வளாகத்துக்குள் வேண்டாம், மருந்துக்கடைக்கோ ஸ்டூடியோவுக்கோ மேல் மாடியாக இருந்தால் படியேறுகிறவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. கதவில் கண் மட்டத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு: உள்ளே ஆள் இருப்பது தெரியும், முகம் தெரியாது. எதிர்பாலினத்தவரைப் பார்க்கும்போது இது இருவருக்கும் பாதுகாப்பு. வெளியே உதவியாளர் இல்லாத நேரத்தில் பார்க்கவே கூடாது. கதவுக்கு வெளியே ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும், அதன் இரைச்சலில் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்த்துப் போட்டால் அழுகிறவர் முகம் திருப்ப இடம் இருக்கும். கடிகாரம் அவருக்குப் பின்னால், உங்கள் பார்வையில். முதல் சந்திப்புக்கு 90 நிமிடம், அடுத்தவற்றுக்கு 50 நிமிடம், இடையில் 20 நிமிட இடைவெளி. இரண்டு குடும்பங்கள் படியில் சந்தித்துக்கொள்ளாமல் இருக்க இந்த இருபது நிமிடம் தேவை.

வாடகை ஒப்பந்தத்தில் ‘அலுவலகம்’ என்று எழுதி, மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்வாரியம் அபராதம் போடும்.

தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்கள் பகலில் வர முடியாது. வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஆறிலிருந்து எட்டரை வரை திறந்திருக்க வேண்டும்.

பணம்

ஒருவரே நடத்தினால் தனியுடைமை போதும். நன்கொடை வாங்க எண்ணம் இருந்தால் அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், அல்லது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஏழு பேரோடு சங்கம் அமைக்கலாம். எதுவானாலும் சபைக் கணக்கிலிருந்து பிரிந்த வங்கிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டுச் சபை ‘கொஞ்சம் அனுப்புகிறோம்’ என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. மிஷனரி காலத்திலிருந்து வெளிநாட்டுத் தொடர்பு பழகிய நம் பகுதியில் பலர் சறுக்குவது இங்கேதான். ஜி.எஸ்.டி. பற்றிய கவலை ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான்.

கட்டணத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். மாதிரிக்கு ஒரு மாதம்: வாடகை 9,000, மின்சாரம் 1,500, பகுதிநேர உதவியாளர் 6,000, நம் வேலையைக் கேட்டுத் திருத்தும் மேற்பார்வையாளருக்கு 2,000, போன், இணையம் 1,000, சில்லறை 1,500. மொத்தம் ரூ. 21,000. ஆலோசகரின் வீட்டுக்கு 25,000 என்றால் ரூ. 46,000 வர வேண்டும். 22 நாள், நாளுக்கு மூன்று பேர், 66 சந்திப்பு. ஐந்தில் ஒருவர் வராமல் போவார் என்று வைத்தால் 53. ஆளுக்கு ஏறக்குறைய ரூ. 870. அதில் பத்துப் பேருக்கு ரூ. 300 மட்டும் வாங்கினால் மற்ற 43 பேரும் ரூ. 1,000 தர வேண்டும். முதல் வருடத்தில் நாளுக்கு மூன்று பேர் வருவதே அரிது. எனவே பாதி நேர வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதே பத்திரம்.

காணிக்கைப் பெட்டியை அறையில் வைக்காதீர்கள். எவ்வளவு போட வேண்டும் என்று தெரியாமல் ஏழை கூசுவார், அதிகம் போட்டவர் அதற்கேற்ற சொல்லை எதிர்பார்ப்பார். கட்டணத்தை எழுதி ஒட்டுங்கள், ரசீது கொடுங்கள், குறைந்த கட்டணத்துக்குக் கேட்பவரிடம் காரணம் தோண்டாதீர்கள்.

ஜெபம், வசனம், வேற்று மதத்தார்

ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் ஜெபியுங்கள். கடினமான கேள்வி எழும் நேரத்தில் கண்ணை மூடச் சொல்வது பேச்சை அடைக்கும் வழி. வந்தவருக்கு அது புரியும். ஜெபத்துக்குள் அறிவுரையைச் செருகுவதும் தவறு. இந்துவோ இஸ்லாமியரோ வந்தால் பிரச்சினையை மட்டும் பார்க்க வேண்டும். மனம் உடைந்து வந்த நேரத்தில் மதத்தைப் பேசுவது அவருடைய பலவீனத்தைப் பயன்படுத்துவதாகும். கிறிஸ்தவ மையம் என்று பலகையில் தெளிவாக இருந்தால், எதற்கு வருகிறோம் என்று அவருக்கும் தெரியும்.

மேற்பார்வையும் அலமாரிச் சாவியும்

மாதம் இரண்டு முறை, அனுபவமுள்ள ஒரு மூத்த ஆலோசகரிடம் பெயர் மறைத்துத் தன் வேலையைச் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். தனியாக நடத்துகிறவர் தவறு செய்தால் சொல்ல ஆளில்லை. மேலே மாதக் கணக்கில் போட்ட 2,000 ரூபாயைக் கடைசிவரை வெட்டக்கூடாது.

குறிப்பு நோட்டுகளைப் பூட்டிய இரும்பு அலமாரியில் வையுங்கள், பெயருக்குப் பதில் எண் போடுங்கள், எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலை வேறு இடத்தில் வையுங்கள். ஆலோசகர் இறந்துபோனாலோ, படுத்துவிட்டாலோ, வேறு ஊர் போனாலோ அந்தச் சாவி யாரிடம் போகும் என்பதைத் தொடக்க நாளிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். மனைவியிடமோ மகனிடமோ சேகரத்துச் செயலரிடமோ போகக்கூடாது. மேற்பார்வையாளரிடம் போக வேண்டும். நடந்துகொண்டிருக்கும் சந்திப்புகளுக்கு அவர் வேறு ஆளை ஏற்பாடு செய்து, மற்ற நோட்டுகளைக் குறித்த காலம் முடிந்ததும் கிழித்து எரித்துவிட்டு, எரித்த தேதியை ஒரு தாளில் எழுதி வைப்பார்.